ஒரு கண்மாய்க்கு எத்தனை முதலாளி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது பேர் போலக் கூடினோம். ஊர் என்றால் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். மளிகைக்கடை வைத்திருப்பவர், சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்று எல்லாரும் கலந்த கூட்டம். ஊர்க் கண்மாயில், அதாவது பாசன ஏரியில், நிறைந்த தண்ணீர் வழிகிற கலுங்கு உடைந்து இரண்டு வருடமாகிறது, ஐப்பசியில் வருகிற தண்ணீர் நிற்காமல் ஓடிப்போகிறது, ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பதுதான் பேச்சு. தொகையை முடிவுசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் மளிகைக்கடைச் சித்தப்பா கேட்டார்: "பணம் சேந்துரும்ப்பா. அதை ஊர்ல யார் கையில குடுக்குறது?" ராத்திரி ஒன்பதரை வரை பேசினோம், பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பகுதி ஏன் தலைமுறை தலைமுறையாக ஏழ்மையிலேயே கிடக்கிறது என்று கேட்டால் மழை இல்லை, தொழிற்சாலை இல்லை, படிப்பு இல்லை என்று வரிசையாகச் சொல்வோம். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பக்கம் திட்டங்கள் வராமல் போனதில்லை, பணமும் ஒரேயடியாக வராமல் போனதில்லை. வந்த பணத்தை வாங்கி, செலவழித்து, கணக்குச் சொல்லி, அடுத்த வருடமும் அதே இடத்தில் உட்கார்ந்து பேச ஊருக்கென்று நிலையான ஓர் அமைப்பு இல்லாமல் போனதுதான் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அது எப்படிப் போனது, எங்கே திரும்ப முளைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீர். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அரசு ஊழியரை மிரட்டுவதற்கு எங்கள் மாவட்டத்தைத்தான் சொல்வார்கள். வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்கிறது. சென்னைக்கு 1,400 பக்கம். எங்களுக்குப் பெய்வதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். அதைப் பிடித்து வைத்தால் வருடம் ஓடும், விட்டால் கடலுக்குப் போகும். அதனால்தான் அந்த மண்ணில் இவ்வளவு கண்மாய்கள். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்பார்கள், அதாவது நாரையே ஒரு மூச்சில் கடக்க முடியாத அளவுக்கு அகலமாம். மாநிலம் முழுவதும் 39,000க்கு மேல் ஏரி, கண்மாய்கள் என்பது அரசுக் கணக்கு. வறண்ட பூமியில் வாழத் தெரியாதவர்களா இதையெல்லாம் வெட்டினார்கள்?

வெட்டுவதைவிடக் காப்பது பெரிய வேலை. மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துவிட நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார், அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் போய், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலை வெட்டிவிட வேண்டும், வராதவர் வீட்டுக்குத் தண்டம். இதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர். அதை நினைத்து உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். மண் சுமந்தவர்களிலும் மடை காத்தவர்களிலும் பாதிப் பேருக்கு அந்தத் தண்ணீர் பாய்கிற நிலம் கிடையாது. 1858இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டது, ஊர் வேலைக்கு வராதவனைச் சட்டத்தால் இழுக்கத்தான். விருப்பப்பட்டுக் கூடியதும் உண்டு, அடித்து இழுத்து வந்ததும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான், ராமநாதபுரமும் சிவகங்கையும் முழுக்க ஜமீன் பூமி. ஆனால் கண்மாய்கள் அரசுக்குப் போனபோது அவை ஒரு கைக்குப் போகவில்லை. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. கரையும் மடையும் ஒரு துறை. தண்ணீர் தேங்குகிற உள்வாயில் நிற்கிற கருவேல மரத்தை வனத்துறை நட்டிருந்தால் அதற்கு வேறு கணக்கு. மீன் பிடிக்கிற உரிமையான மீன்பாசிக் குத்தகை ஒருவர் கையில், வண்டல் அள்ள அனுமதி கனிமவளத்துறை கையில், பட்டாவும் ஆக்கிரமிப்பும் வருவாய்த்துறை கையில். ஒரு கண்மாய்க்கு இத்தனை முதலாளி. ஊருக்கு மட்டும் அதில் பாத்தியதை இல்லை, பாடு மட்டும் உண்டு. தனக்கு வருமானமும் இல்லை, முடிவெடுக்க உரிமையும் இல்லை என்றால் எவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான்? ஊரார் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன் வயலுக்கு வண்டல் அள்ளுவதற்கே ஒரு விவசாயி கலெக்டர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருந்தது, 2024இல்தான் தாசில்தார் மட்டத்திலேயே அனுமதி வாங்கலாம் என்று எளிமையாக்கினார்கள்.

குடிநீர் கதையும் இதே மாதிரிதான். 2009இல் காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டமாக மாவட்டத்துக்கு வந்தது. எங்கள் அம்மா தலைமுறை பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான், அந்தக் குழாயைக் கும்பிடத்தான் தோன்றும். ஆனால் குழாய் வந்த பிறகு, ஊரே குடித்த குளமான ஊருணியில் யார் காலைக் கழுவினாலும் கேட்க ஆளில்லை. முன்பு செருப்போடு படியிறங்கினால் கிழவிகள் கத்துவார்கள். குழாயில் நாலு நாள் தண்ணீர் வராதபோதுதான் ஊருணி ஞாபகம் வருகிறது, அதற்குள் அதில் ஆகாயத்தாமரை மூடியிருக்கும்.

இனி திட்டங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மக்களைக் கூட்டி வைத்து வளர்ச்சி என்ற யோசனை உருப்படியாக வேர்விட்டது தர்மபுரியில், 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் வழியாக. தர்மபுரியும் எங்கள் ஊர் மாதிரியே வானம் பார்த்த பூமி. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை பார்த்தது. பிறகு மகளிர் திட்டம். 2005இல் உலக வங்கி உதவியோடு புது வாழ்வுத் திட்டம், அதற்கு அடுத்து வாழ்ந்து காட்டுவோம் திட்டம். நடுவில் 2018இல் ராமநாதபுரமும் விருதுநகரும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்ற மத்திய அரசுப் பட்டியலிலும் சேர்ந்தன.

இவற்றில் எனக்கு மனசுக்குப் பிடித்தது புது வாழ்வில் நடந்த மக்கள் நிலை ஆய்வு. யார் ஏழை, யார் பரம ஏழை என்பதை ஆபீசில் உட்கார்ந்து எழுதாமல், ஊர் மந்தையில் தெருத்தெருவாகப் படம் வரைந்து, ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி, ஊராரே வகை பிரித்து, அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். "அவருக்கு மாடி வீடு இருக்கு, ஆனா மகன் கவனிக்கிறதில்ல, கஞ்சிக்கு வழியில்ல" என்று ஒரு வீட்டைப் பற்றி எழுந்து சொல்ல அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் முடியும். எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அது வராது.

ஆனால் ஒவ்வொரு திட்டமும் வரும்போது தனக்கென்று ஒரு சங்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. எங்கள் ஊரில் எண்ணிப் பார்த்தேன். பாசனத்துக்கு ஒரு சங்கம், வறுமை ஒழிப்புக்கு ஒரு சங்கம், குழுக்களுக்கு ஒரு கூட்டமைப்பு, குடிநீருக்கு ஒரு குழு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு, காட்டு வேலைக்கு ஒரு குழு. 2000இல் வந்த பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி ஒன்று, வேறு கடன் திட்டத்தின்படி இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே எட்டுப் பத்துப் பேர் கையெழுத்து. திட்டம் முடிந்ததும் ரப்பர் ஸ்டாம்ப் யாரோ வீட்டுப் பரணில் இருக்கும், பாஸ்புத்தகம் தொலைந்திருக்கும், அடுத்த திட்டம் வேறு பெயரில் வேறு சங்கம் கேட்கும். ஏழைப் பகுதி என்று பெயர் வாங்கிவிட்டாலே இதுதான் நடக்கும் போலிருக்கிறது, கவனம் நிறைய வரும், வந்த எதுவும் தங்காது.

தங்கினது எது என்று பார்த்தால், எங்கள் ஊரில் ஒரே ஒரு மகளிர் குழு. என் அத்தை அதில் இருக்கிறார். ஒரு தடவை நான் போயிருந்தபோது கூட்டம் நடந்தது, பிள்ளையார் கோவில் வாசலில், ராத்திரி எட்டு மணிக்கு மேல், எல்லாரும் வேலை முடிந்து வந்த பிறகு. வட்டமாக உட்கார வேண்டும், யாரும் திண்ணை மேல் உட்காரக்கூடாது, அது அவர்களே வைத்த சட்டம். படித்த பெண் ஒருத்தி நோட்டை எடுத்து, சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு, வட்டி எவ்வளவு வந்தது என்று சத்தமாக வாசிக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா நடுவில் நிறுத்தி, "இருபது ரூவா இடிக்குது தாயி" என்றார். திரும்ப முதலில் இருந்து கூட்டினார்கள். இருபது ரூபாய் இடித்தது உண்மைதான். பத்து நிமிடம் தேடி, போன கூட்டத்தில் ஒருத்தி கட்டிய அபராதம் எழுதாமல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. மொட்டைமாடியில் சித்தப்பா கேட்டபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தப் பெரியம்மாவின் முகம்தான்.

மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம், வயலகம் இரண்டும் இந்த வழக்கத்தை எடுத்துத்தான் பெரிதாக்கின. களஞ்சியம் பெண்களின் சேமிப்பு, வயலகம் கண்மாய்ப் பாசனக்காரர்களின் சங்கம். அதில் முக்கியமான விஷயம், ஒரு கண்மாயோடு நிற்காமல் ஒரே வரத்தில் இருக்கிற கண்மாய்களின் சங்கங்களைக் கூட்டமைப்பாகச் சேர்ப்பது. இது ஏன் அவசியம் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உடனே புரியும். எங்கள் கண்மாய்கள் தனித்தனி இல்லை, மாலை மாதிரி கோத்தவை. மேலே உள்ள ஊர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் எங்களுக்கு வரத்து, எங்கள் கலுங்கு பாய்ந்தால்தான் கீழ் ஊருக்கு. மேல் ஊர்க்காரன் கலுங்கில் நாலு மூட்டை மண் போட்டு உயர்த்தினால் எங்கள் வயல் காயும். நாங்கள் எவ்வளவு ஒற்றுமையாகத் தூர் வாரினாலும் பிரயோசனமில்லை. கலுங்குச் சண்டையில் வெட்டுக்குத்து ஆகி, கொண்டுகொடுத்த சம்பந்தம் முறிந்த ஊர்கள் இருக்கின்றன. ஆக, ஊர் கூடினால் மட்டும் போதாது, ஊர்கள் கூட வேண்டும். அரசியல் எல்லை வேறு, தண்ணீர் எல்லை வேறு, பஞ்சாயத்துகள் முதலாவதைப் பார்த்துத்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பொதுச் சொத்தை அனுபவிக்கிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுக்க ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் ஆராய்ந்தவற்றில் பாசனக் குழுக்களும் உண்டு. அவை நிலைத்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சின்னக் குழுக்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பெரிய குழுக்களோடு கோக்கப்பட்டிருப்பது.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். "ஊர் கூடி முடிவெடுத்தோம்" என்று நாம் சொல்கிறபோது அந்த ஊரில் யார் யார்? எங்கள் பக்கம் ஊர் வேறு, தலித்துகள் குடியிருக்கிற காலனி வேறு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுவுக்கு வாங்குகிற தலைக்கட்டு வரி எழுதும் நோட்டில் ஊர்த்தெரு வீடுகள் மட்டும்தான் இருக்கும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996இல் இருந்து 2006 வரை ஒழுங்காகத் தேர்தலே நடக்கவிடவில்லை. அங்கேயும் "ஊர் கூடித்தான்" முடிவெடுத்தார்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் 1997இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒற்றுமை என்ற சொல்லுக்கு அடியில் இதெல்லாம் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கூட்டு முயற்சி பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் விறகுக்காக அரசே விதை பரப்பிய மரம். இன்று கண்மாய் உள்வாய், வரத்துக்கால், தரிசு என்று எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2017 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவை ஒட்டி அதை வேரோடு பிடுங்கும் வேலை மும்முரமாக நடந்தது, சென்னையில் இருந்து நாங்களும் கைதட்டினோம். ஊரில் நிலம் இல்லாத குடும்பங்களுக்கு அதுதான் மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிற வழி. முள் கிழித்த கையோடு, கரியில் கறுத்த முகத்தோடு, மழை பொய்த்த வருடத்திலும் கஞ்சி குடித்தது அந்த மரத்தால்தான். நிலம் உள்ளவர் மட்டும் கூடினால் "பிடுங்கு" என்று ஒரே குரலில் தீர்மானம் வரும். கரிமூட்டக்காரரும் அதே வட்டத்தில் உட்கார்ந்தால், உள்வாயில் இந்த வருடம் வெட்டுவோம், கரையோரம் அடுத்த வருடம், தரிசில் இருப்பதை விடுவோம், வெட்டுக்கூலியும் கரியும் காலனிக்கு என்று வேறு மாதிரி முடிவு வரும். நேரமாகும், சண்டையும் வரும். ஆனால் அப்படி வருகிற முடிவை மறுநாள் யாரும் மீற மாட்டார்கள்.

அரசும் மக்கள் பங்களிப்பு என்று பல தடவை முயன்றிருக்கிறது. 1997இல் நமக்கு நாமே திட்டம், மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 ஏரி, கண்மாய் வேலைகள், பாசனக்காரர் பங்கு 10 சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ. யோசனை நல்லது. ஆனால் அந்தப் பங்கை ஒப்பந்தக்காரரே கட்டிவிட்டால் என்ன மிச்சம்? பங்கு போடுவதன் அர்த்தமே, போட்டவன் வேலை நடக்கிற இடத்தில் நின்று "சிமெண்ட் பத்தலையே" என்று கேட்கிற உரிமைதான். நூறு நாள் வேலையில் எங்கள் ஊருணியைத் தூர் வாரினார்கள், தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அவர்களைத்தான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தண்ணீர் வருகிற வாயை விட்டுவிட்டு நடுவில் தோண்டினார்கள்.

சென்னையில் இருக்கிற நாங்களும் இதில் சுத்தமில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூற்றிச் சொச்சம் பேர், அதில் பெண்கள் நாலு பேர், காலனியில் இருந்து ஒருவரும் இல்லை. கொத்தனார் வேலைக்குச் சென்னை வந்து பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் தங்கியிருக்கிற காலனிப் பையன்களின் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை, இரண்டு பேரிடம் கேட்டு வாங்குவதற்கே ஒரு வாரம் ஆனது. பணம் அனுப்புகிறவன் முடிவும் எடுப்பான் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறியிருக்கிறது. கோவில் கோபுரம், வளைவு, பெயர்ப்பலகை என்றால் இந்த எண்ணத்தால் பெரிய நஷ்டமில்லை. மடையை எப்போது திறப்பது என்பதை எம்.ஜி.ஆர். நகரில் இருந்து சொல்ல முடியாது. அதோடு ஏரியைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்து யோசனை சொல்ல நமக்குக் கூச்சம் இருக்க வேண்டும். மாம்பலம் ஏரி இருந்த இடத்தில்தான் தி.நகர் இருக்கிறது, 2015இல் வெள்ளம், 2019இல் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர்.

இரண்டாவது கூட்டம் அடுத்த ஞாயிறு நடந்தது. காலனிப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள், முதலில் நின்றுகொண்டே இருந்தார்கள், சித்தப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் அத்தையின் குழுவைப் பற்றிச் சொன்னேன். "பொம்பளைங்க கையிலயா" என்று ஒருவர் ஆரம்பித்தார், நம்ம ஊரில் இன்றுவரை கணக்கு இடிக்காத ஒரே நோட்டு எது என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார், அவர் பேசாமல் இருந்துவிட்டார். கடைசியில் ஐந்து பேர் என்று முடிவானது. குழுவில் இருந்து இரண்டு பெண்கள், காலனியில் இருந்து ஒருவர், நீர்ப்பாய்ச்சி வீட்டுப் பிள்ளை ஒருவர், வார்டு உறுப்பினர் ஒருவர். சென்னையில் இருந்து ஒருவரும் கிடையாது. செலவுக்கு மூன்று கையெழுத்து, அதில் ஒன்று கட்டாயம் பெண் கையெழுத்து. கலுங்கு நம்முடையது இல்லை, அரசுடையது, அதனால் முதலில் அனுமதிக்கு மனு, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம், கீழ் ஊருக்கும் மேல் ஊருக்கும் நேரில் போய்ச் சொல்வது, அதற்குப் பிறகுதான் சிமெண்ட். மீன்பாசிக் குத்தகையில் ஒரு பங்கு வருடா வருடம் கரைக்கு ஒதுக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் இழுபறி, இப்போது குத்தகை எடுத்திருப்பவருக்கு அதில் மனமில்லை.

நேற்று ராத்திரி நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அத்தை அனுப்பியிருந்தார். வரவு, இதுவரை சேர்ந்தது. செலவு, மனு எழுதியதற்கும் ஜெராக்ஸுக்கும் 85 ரூபாய், இரண்டு பேர் பஸ் சார்ஜ் 64 ரூபாய். கீழே மூன்று கையெழுத்து, பெரியம்மாவுக்குக் கைநாட்டு.